இட்லி ஆவியும் டியூப் லைட்டும்: குறைந்த காசுப் படத்துக்கு எந்தக் கேமரா?

மும்பை, தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை வீடு. அதிகாலை இரண்டரை மணிக்கு அங்கே அடுப்பு பற்றவைக்கிறார்கள். ஒற்றை டியூப் லைட், நான்கைந்து இட்லிக் கொப்பரை, கூரை வரைக்கும் ஆவி, வாசலில் சைக்கிள். ஆறு மணிக்கு முன்னால் மகன் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு மாட்டுங்கா பக்கம் கிளம்பியாக வேண்டும். நாங்கள் எடுக்க நினைக்கும் ஒன்றரை மணி நேரப் படத்தில் முக்கால்வாசி இந்த அறைக்குள்தான். மிச்சத்தில் கொஞ்சம் லோக்கல் ரயில். இன்னும் கொஞ்சம், 2003-ல் திருநெல்வேலியில் நடந்ததாக வரும் அந்த வீட்டுக் கல்யாணத்தின் வீடியோ கேசட்.

கதை முடிவாகிவிட்டது. எதில் எடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம். கேமரா பிடிக்கப்போகிற நண்பனுக்குப் பழைய டேப் கேமரா மேல் ஆசை. சின்னக் கேசட்டில் பதியுமே, 2000-ங்களில் வீடியோக்காரர்கள் தோளில் தொங்கவிட்டிருந்தார்களே, அது. இயக்கப்போகிற தோழி, "கையில இருக்கிற ஐபோனே போதும், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க" என்கிறாள். செம்பூரிலிருந்து பணம் போடுகிற மாமா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "மாப்ளே, அலெக்ஸா சினிமா கேமரா வாடகைக்கு எடுங்க. தியேட்டர்ல பார்த்தா படம் மாதிரி இருக்கணும்." எடிட்டிங்கும் டி.ஐ.யும் (எடுத்த படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் கணினியில் சரிசெய்யும் வேலை) என் தலையில். என் ஓட்டு மிரர்லெஸ் கேமராவுக்கு, அதாவது வீடியோவும் எடுக்கும் புதிய வகை ஸ்டில் கேமராவுக்கு. ஆனால் மற்ற மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழித்துவிட்டு முடிவெடுத்தால் படப்பிடிப்பின் மூன்றாம் நாள் சண்டை வரும்.

குறைந்த செலவு டிஜிட்டல் படங்களின் தோற்றத்தைப் பற்றிப் பேசினால் ஆந்தனி டாட் மாண்டில் என்ற ஒளிப்பதிவாளரைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. 1998-ல் 'ஃபெஸ்டன்' என்ற டேனிஷ் படத்தை சோனியின் உள்ளங்கையளவு வீட்டு வீடியோ கேமராவில் எடுத்து, பிறகு 35 எம்.எம். பிலிமுக்கு மாற்றினார்கள். 2002-ல் '28 டேஸ் லேட்டர்', கேனான் எக்ஸ்எல்1 டேப் கேமராவில். 2008-ல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக இதே தாராவிச் சந்துகளில் எஸ்ஐ-2கே என்ற கேமராவோடு ஓடினார்: லென்ஸும் சின்னத் தலைப்பகுதியும் கையில், பதிவு செய்யும் கணினி முதுகுப் பையில். ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் கிடைத்தது. 2025-ல் '28 இயர்ஸ் லேட்டர்' படத்துக்கு ஐபோன் 15 ப்ரோ மேக்ஸை முதன்மைக் கேமராவாக வைத்துக்கொண்டார். அது பெரிய பட்ஜெட் படம். காசை மிச்சம் பிடிக்க யாரும் அங்கே போனைத் தேடிப் போகவில்லை. நான்கையும் வரிசையாகப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: ஒவ்வொரு தடவையும் நடிகருக்கும் இடத்துக்கும் கிட்டே போக ஒரு வழி தேடியிருக்கிறார், அதற்குப் பதிலாகப் படத்தின் தரத்தில் எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறார். எங்கள் கேள்வியும் அதுவே. எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது?

முதலில் டேப் கேமரா. நண்பனின் ஆசை எனக்குப் புரிகிறது. அந்தப் படத்துக்கென்று ஒரு கரகரப்பு உண்டு, எதையும் அழகுபடுத்தாது. இந்தியாவில் நாம் பயன்படுத்திய பால் (PAL) என்ற வீடியோ முறையில் ஒரு ஃப்ரேமுக்கு 720-க்கு 576 புள்ளிகள். நிறத்தைப் பதிவது அதில் நாலில் ஒரு பங்குப் புள்ளிகளுக்கு மட்டும். அதனால்தான் பழைய கல்யாண வீடியோக்களில் அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவையின் ஓரம் பக்கத்தில் கசிந்து நிற்கும். சென்சார் 1/3 அங்குலம். முகமும் தெளிவு, பின்னால் காலண்டரும் தெளிவு, அதற்குப் பின்னால் சந்தில் போகிறவரும் தெளிவு. பத்தடி அறைக்குள் ஒரு குடும்பத்தையே ஒரே ஃப்ரேமில் வைக்க இதைவிட வசதி கிடையாது. ஃபோகஸ் பார்க்கத் தனி ஆள் தேவையில்லை. மணிக்கு 13 ஜிபி கோப்பு. என் பழைய லேப்டாப்பே எடிட் செய்துவிடும்.

பிரச்சினை, இந்தத் தோற்றம் நம் ஆட்களுக்கு என்ன ஞாபகத்தைக் கொண்டுவரும் என்பதில் இருக்கிறது. 1995-ல் டேனிஷ் இயக்குநர்கள் லார்ஸ் வான் டிரையரும் தாமஸ் விண்டர்பெர்க்கும் டாக்மே அறிக்கை எழுதினார்கள்: செட் கூடாது, தனி லைட்டிங் கூடாது, கேமரா கையில்தான் இருக்க வேண்டும். அந்த வழியில் வந்த வீடியோ படங்களைப் பார்த்த ஐரோப்பியர்களுக்கு அந்தக் கரகரப்பு 'நிஜம்' என்று பட்டிருக்கலாம். நம் வீடுகளில் அதே தோற்றம் ஏற்கெனவே இரண்டு இடங்களில் குடியேறிவிட்டது. ஒன்று கல்யாண வீடியோ, இன்னொன்று மத்தியான சீரியல். வெளிறிப்போன வெள்ளை, உருவங்களைச் சுற்றிக் கேமராவே போட்டுவிடும் கறுப்புக் கோடு, பல்பு ஃப்ரேமுக்குள் வந்தால் மேலிருந்து கீழாக இறங்கும் ஒளிக்கீற்று, நொடிக்கு 50 அரைப்படங்களாகப் பதிவதால் வரும் வழுக்கலான அசைவு. தாராவியில் இருக்கிற எங்கள் பார்வையாளர் இதைப் பார்த்ததும் "நிஜமா இருக்கு" என்று சொல்ல மாட்டார். "சீரியல் மாதிரி இருக்கு" என்பார். அதற்கப்புறம் அவரைக் கதைக்குள் இழுத்துவருவது பெரும்பாடு.

நண்பன் இதற்குப் பதில் வைத்திருக்கிறான்: பானசோனிக் டிவிஎக்ஸ்100. 2002-ல் வந்த அந்தக் கேமரா, சாதாரண ஆட்கள் வாங்கக்கூடிய விலையில் நொடிக்கு 24 முழுப்படங்கள் எடுத்த முதல் கேமரா. பால் மாடலில் 25. அசைவில் இருக்கும் சீரியல் வாடை அதோடு போய்விடும். உண்மைதான். ஆனால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே இந்தக் கேமராக்கள் தாங்குவது ஏழெட்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பு). எங்கள் அறையில் டியூப் லைட்டுக்கு நேர் கீழே ஆவி, அதற்குப் பக்கத்தில் அம்மாவின் கறுத்த முகம், கையில் வெள்ளை இட்லி. ஆவிக்கு அளவு பார்த்தால் முகம் இருட்டில் மறைந்துவிடும். முகத்துக்குப் பார்த்தால் ஆவியும் இட்லியும் தட்டையான வெள்ளைக் காகிதமாகிவிடும். இந்தப் படமே அந்த முகத்தைப் பற்றியது. வேலை செய்யும் கறுத்த முகத்தின் பளபளப்பை இழந்துவிட்டு, "அதுதான் எங்கள் ஸ்டைல்" என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. அறையை விட்டுச் சந்தில் இறங்கினால் இன்னும் மோசம். கெயினை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, ஏற்ற ஏற்ற இருட்டு முழுக்கப் புள்ளி (நாய்ஸ்) கொதிக்கும். '28 டேஸ் லேட்டர்' படத்தில் எல்லாருக்கும் ஞாபகமிருக்கும் வெறிச்சோடிய லண்டன் காட்சிகள் விடிகாலை வெளிச்சத்தில் எடுத்தவை என்பதை மறக்கக் கூடாது.

நடைமுறைத் தொல்லைகளும் இருக்கின்றன. லாமிங்டன் ரோட்டிலோ சோர் பஜாரிலோ தேடினால் பழைய கேமரா கிடைக்கலாம், டேப்பைப் படிக்கும் ஹெட் தேயாத கேமரா கிடைப்பது அதிர்ஷ்டம். ஒரு மணி நேர டேப்பைக் கணினிக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஆகும், அதற்கான ஃபயர்வயர் போர்ட் புதிய கணினிகளில் இல்லை.

இதே மகாராஷ்டிரத்தில், நாசிக் மாவட்டத்து மாலேகாவ்காரர்கள் வீடியோ கேமராவை வைத்துக்கொண்டு 'ஷோலே'யையே கேலி செய்து படம் எடுத்து ஊரையே பார்க்க வைத்தார்கள் என்று நண்பன் ஒவ்வொரு முறையும் சொல்வான். எனக்கும் அவர்கள் மேல் பெரிய மரியாதை. ஆனால் கேலிப்படத்துக்கு எந்தத் தோற்றமும் பொருந்தும். மலிவாக இருப்பதே சிரிப்பில் ஒரு பங்கு. எங்கள் படத்தில் சிரிப்பு குறைவு.

ஐபோன். அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கர் 2015-ல் 'டேஞ்சரின்' படத்தை ஐபோன் 5எஸ்-ல் எடுத்தது போன் பக்கம் நிற்கிற எல்லாருக்கும் வாய்ப்பாடு. அதில் போனின் மேல் படத்தை அகலமாக்கும் அனமார்ஃபிக் லென்ஸ் மாட்டியிருந்தார்கள், நிறத்தைக் கொழுந்துவிட்டு எரிகிற மாதிரி ஏற்றியிருந்தார்கள், பாதிப் படத்துக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் வெயில் துணை நின்றது. இன்றைய போன்கள் எவ்வளவோ மேல். 2023-ல் வந்த 15 ப்ரோவிலிருந்து லாக் முறையில் (டி.ஐ.யில் இழுக்க வசதியாக, வெளிறிய படமாக) எடுக்கலாம், வெளி எஸ்எஸ்டியில் நேரடியாகப் பதியலாம், பிளாக்மேஜிக் இலவசமாகத் தரும் ஆப்பில் ஷட்டர், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு), நிறச்சமநிலை மூன்றையும் பூட்டி வைக்கலாம்.

பூட்டாவிட்டால் போன் நம்மைக் கேட்காமல் தானாகவே டி.ஐ. பார்த்துவிடும், அதுதான் போன் படங்களின் அடையாளமே. நிழலைத் தூக்கும், முகத்தை வெளுக்கும், புள்ளியை அழிக்கிறேன் என்று ஆவியை மெழுகாக்கும். ஆப்பில் எல்லாவற்றையும் பூட்டிய பிறகும் ஒரு தொல்லை போகாது: ஃப்ரேமுக்குள் விளக்கு இருந்தால் எதிர்மூலையில் அதன் பிரதிபலிப்பு பச்சைப் புள்ளியாக மிதக்கும். எங்கள் அறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஒற்றை டியூப் லைட் தெரியும். அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் 4கே எடுத்தால் போனும் சூடாகும்.

ரயிலுக்கு மட்டும் தோழி சொல்வதை அப்படியே ஏற்கிறேன். லோக்கல் பெட்டியில் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறவரை யாரும் கண்டுகொள்வதில்லை. (ரயில்வே அனுமதி வாங்கும் வேலை போனுக்கும் உண்டு, அதை அவளே பார்த்துக்கொள்வதாக ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.) ஜன்னலுக்கு வெளியே கம்பங்கள் சாய்ந்து ஓடும், சென்சார் வரிவரியாகப் படிப்பதால். மிரர்லெஸ்ஸிலும் கொஞ்சம் அப்படித்தான். அது என்னை உறுத்தவில்லை.

மாமாவின் அலெக்ஸாவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நான்கில் படம் அதில்தான் சிறப்பாக வரும். டியூப் லைட், ஆவி, முகம் மூன்றையும் ஒரே ஷாட்டில் சிரமமே இல்லாமல் தாங்கும். ஆனால் அந்தேரியிலிருந்து கேமரா தனியாக வராது. அட்டெண்டன்ட் வருவார், லென்ஸ் பெட்டி, மானிட்டர், ஃபோகஸ் புல்லர், எல்லாருக்கும் பேட்டா, வண்டி. அம்மாவாக நடிக்கச் சம்மதித்திருப்பவர் நிஜமாகவே இட்லி அவித்து விற்கிறவர். அவருடைய வேலையை நிறுத்திவிட்டு நாங்கள் ஷாட் வைக்க முடியாது. ஒரு நாள் சைக்கிள் தாமதமானால் அன்றைய வியாபாரம் போச்சு. பத்தடி அறையில் ஏழெட்டுப் பேர் நின்றால் அவர் எங்கே நிற்பார்? மாமாவிடம் செலவைச் சொல்வதைவிட இதைச் சொன்னால் எடுபடும் என்று நினைக்கிறேன். அவருடைய அம்மாவும் மாவு ஆட்டி விற்றவர்தான்.

கடைசியாக மிரர்லெஸ். நான் நினைப்பது சோனி ஏ7எஸ் 3 போன்ற ஒன்று. அதற்கு எதிரான வாதத்தையும் நானே சொல்லிவிடுகிறேன்: இன்றைய கல்யாண வீடியோ இந்தக் கேமராவில்தான் எடுக்கப்படுகிறது. ஆட்டத்தை அடக்கும் கிம்பல் தாங்கியில் மிதந்து வரும் ஷாட், மாலை விழும் ஸ்லோமோஷன், மணமகளின் ஒரு கண் மட்டும் தெளிவாகவும் மண்டபம் முழுக்கப் பந்து பந்தாக மங்கியும் தெரியும் குளோசப். டேப் கேமராவைக் கல்யாண வாடை என்று தள்ளிவிட்டு இதை எடுத்தால், பழைய கல்யாணத்திலிருந்து புதுக் கல்யாணத்துக்கு மாறின கதைதான். ஆகவே இந்தக் கேமராவை எப்படிப் பிடிக்கிறோம் என்பதில்தான் தோற்றம் இருக்கிறது.

என் யோசனை, டேப் கேமராவின் ஒரு நல்ல குணத்தை மட்டும் இதற்குக் கடன் வாங்குவது. 1/3 அங்குல சென்சாரில் லென்ஸ் துவாரத்தை எஃப்2-ல் வைத்தால் (எண் கூடினால் துவாரம் சின்னதாகும், வெளிச்சம் குறையும்) கிடைக்கும் தெளிவின் ஆழம், முழு ஃப்ரேம் சென்சாரில் கிட்டத்தட்ட எஃப்14-க்குச் சமம். அவ்வளவு தேவையில்லை, எஃப்8 போதும், காலண்டரும் வாசலும் படிக்கிற அளவுக்கு இருக்கும். எஃப்8-ல் வெளிச்சம் எங்கே என்று கேட்பான் நண்பன். இந்த வகைக் கேமராவில் லாக் முறையில் எடுக்கும்போது 12,800 ஐஎஸ்ஓ பக்கம் போனால் புள்ளி மறுபடி குறைகிறது. ஒற்றை டியூப் லைட்டில், வேறு விளக்கே வைக்காமல், எஃப்8-ல் அந்த அறையை எடுக்கலாம். 2003-ல் எவ்வளவு பணம் கொட்டினாலும் வீடியோவில் இது நடந்திருக்காது. தாராவியில் பின்னணியை மங்கலாக்கினால் இடம் போய்விடும். இடம் போனால் படத்தில் பாதி போய்விடும். எனவே கிம்பல் கிடையாது, ஸ்லோமோஷன் கிடையாது, கேமராவின் ஷார்ப்னஸ் குறைந்தபட்சத்தில், லென்ஸாக ஃபோர்ட் போரா பஜாரில் கிடைக்கும் பழைய மேனுவல் லென்ஸ்கள் இரண்டு.

ஸ்டில் கேமராவில் எடுத்தால் தமிழ்ப் பார்வையாளர் ஏற்பாரா என்ற சந்தேகத்துக்கு 2012-லேயே பதில் வந்துவிட்டது. பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' கேனான் 7டி-யில் எடுக்கப்பட்டது, ஒளிப்பதிவு விஜய் மில்டன். தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கேமரா பெயரைக் கேட்கவில்லை. அந்தக் கேமரா பதிந்தது 8 பிட் (பிட் கூடினால் நிறத்தின் படிகள் நுணுக்கமாகும்). இப்போது நம் கையில் வருவது 10 பிட். டி.ஐ.யில் கறுத்த முகத்தின் நடு நிழலை இழுக்கும்போது அந்த இரண்டு பிட்டின் அருமை தெரியும்.

ஃப்ரேம் ரேட்டில் மட்டும் யாரோடும் சமரசத்துக்கு நான் தயாரில்லை: 25, ஷட்டர் 1/50. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். போனைத் திறந்ததும் வரும் 30-ல், அதற்கு வழக்கமான 1/60 ஷட்டரில் எடுத்தால் சுவரில் பட்டை பட்டையாக ஓடும். 24-தான் வேண்டும் என்றால் ஷட்டரை 172.8 டிகிரியில், அதாவது அதே 1/50-ல், வைக்க வேண்டும். மலிவு எல்இடி டியூப்கள் இன்னும் விசித்திரமாக மினுக்கும், ஆகவே ஒவ்வொரு இடத்தையும் முன்கூட்டியே போய் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். தியேட்டருக்குக் கொடுக்கும் டிசிபி என்ற டிஜிட்டல் பிரதியில் 24-தான் எங்கும் ஓடும் பாதுகாப்பான எண்; 25-ல் எடுத்த 90 நிமிடப் படத்தை 24-ஆக ஓட்டினால் 93 நிமிடம் 45 விநாடி ஆகும், சத்தத்தின் சுருதியைச் சரிசெய்ய வேண்டும். அவ்வளவுதான் விலை.

சேமிப்புக் கணக்கும் கேமராத் தேர்வின் ஒரு பகுதிதான். 15 மணி நேரம் எடுத்தால் டேப்பில் 200 ஜிபிகூட வராது. 4கே புரோரெஸ் ஹெச்க்யூ என்ற எடிட்டிங் தரக் கோப்பில் அதே 15 மணி நேரம் 5 டெராபைட். இரண்டு பிரதி வைத்தால் 10. கேமராவின் சொந்த 10 பிட் கோப்பில் மணிக்கு அறுபது, எழுபது ஜிபிக்குள் முடித்துவிடலாம். நான் அதைத்தான் கேட்கப்போகிறேன்.

இனி கல்யாண கேசட். இதை மட்டும் நிஜமான டேப் கேமராவில், 50 அரைப்படங்களாக, அந்தக் காலத்தில் மண்டபங்களில் வீடியோ எடுத்த ஒருவரையே கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்ல வேண்டும். அவருடைய ஜூம் வேகமும், சாப்பாட்டுப் பந்தியில் ஒவ்வொரு இலையாக நகரும் பழக்கமும் எந்த ஃபில்டரிலும் வராது. எடிட்டிங்கில் 25 ஃப்ரேமுக்குள் வைக்கும்போது அசைகிற ஓரங்களில் சீப்புப்பல் மாதிரி கோடுகள் நிற்கும். வழக்கமாக அதை எடுத்துவிடுவார்கள், நான் விட்டுவைப்பேன். சரியாக இரண்டு மடங்கு மட்டும் பெரிதாக்கி, மேலும் கீழும் கொஞ்சம் வெட்டி, பக்கங்களில் கறுப்பு விட்டால் அந்தக் கோடுகள் சிதையாது. ஏஐ மென்பொருளில் போட்டுத் துலக்கிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. அது கல்யாணத்துக்கு வந்த நூறு பேருக்கும் பிளாஸ்டிக் கன்னம் வைத்துவிடும். '28 டேஸ் லேட்டர்' முழுக்க டேப்பில் ஓடி, கடைசிப் பகுதியில் மட்டும் 35 எம்.எம். பிலிமுக்கு மாறுகிறது, தோற்றம் மாறுவதே அங்கே கதையில் ஒரு செய்தி. எங்கள் படத்தில் அது தலைகீழாக நடக்கும். தெளிவான நிகழ்காலம், கசியும் சிவப்பில் பழைய காலம். டேப் கேமராவின் கல்யாண வாடை இந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் நூறு சதவீதம் பொருத்தம். நண்பனும் இதற்குச் சம்மதிப்பான் என்று நம்புகிறேன்.

அலெக்ஸாவுக்கு மாமா ஒதுக்கிய தொகையில் மிஞ்சுவதை லைவ் சவுண்ட் எடுக்கும் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். புள்ளி கொதிக்கும் படத்தைக்கூடப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், வசனம் புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார். அதிகாலை இரண்டரை மணித் தாராவியில் டப்பிங்கில் உண்டாக்க முடியாத சத்தங்கள் இருக்கின்றன.

ஓடிடியில் விற்க முடியுமா என்று மாமா கேட்பார். நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தத் தயாரிப்புகளுக்கு, படத்தில் 90 சதவீதம் தான் அங்கீகரித்த 4கே கேமராவில் இருக்க வேண்டும் என்கிறது. எடுத்து முடித்த படத்தை உரிமம் வாங்கும்போது அந்த விதி கிடையாது. நாங்கள் இரண்டாவது வகை, அதுவும் யாராவது வாங்கினால்.

இந்த முடிவு ஒரே ஒரு காரணத்தால் மாறலாம். சோதனைப் படப்பிடிப்பை அந்த அறையிலேயே, அந்த அம்மா வேலை செய்யும் நேரத்திலேயே, மிரர்லெஸ், போன் இரண்டையும் வைத்து எடுத்து, ஒரு தியேட்டர் திரையில் போட்டுப் பார்க்கப்போகிறோம். கேமராவைக் கண்டதும் அவர் கை தயங்கி, போனைக் கண்டால் தயங்காமல் இருந்தால், மேலே சொன்ன பிட், ஸ்டாப், எஃப்8 எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டுத் தோழியின் பக்கம் போய்விடுவேன். பச்சைப் புள்ளிகளை டி.ஐ.யில் ஒவ்வொன்றாக அழிக்கும் வேலை அப்போது எனக்கு.